நீலச் சோள மாவும் சாம்பல் நீரும்



பெரும்போகத்தில் மேட்டுநிலங்களிலே சோளம் இடுகின்றவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். இளங்கதிரை அவித்து உண்கின்றோம். முற்றிய மணியைக் கோழித்தீனுக்கு விற்கின்றோம். அதனை மாவாக்கி உண்ணும் வழக்கமோ சில ஊர்களில் தேங்காய்ப்பூச் சேர்த்த ரொட்டி அளவில் நின்றுவிட்டது. சோள மாவையே தலைமுறை தலைமுறையாகத் தமது சோறாகக் கொண்ட மக்கள் அதனை எவ்வாறு பதப்படுத்தினர் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரிசோனா மாநிலத்தில், வடகீழ்த் திசையிலுள்ள உயர்ந்த மேடைநிலங்களில் ஹோப்பி எனும் பழங்குடியினர் வாழ்கின்றனர். அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 250 மில்லிமீற்றரே. குளமுமில்லை, வாய்க்காலுமில்லை. எனினும் அவர்கள் சோளம் விளைவிக்கின்றனர். கூரிய கோலினால் ஈரமணல் தட்டுப்படும் வரை தோண்டி, 15 முதல் 30 சென்ரிமீற்றர் ஆழத்தில், ஒரு குழிக்குப் பல விதைகளாக இட்டு மூடுவர். குழிக்குக் குழி பல அடி இடைவெளி விடுவர். நாம் இடும் சோளத்தை அவ்வாழத்தில் இட்டால் முளை மண்ணை முட்டி மேலே வருமுன் மடிந்துபோகும். ஹோப்பிச் சோளத்தின் முளைத்தண்டோ நெடுந்தூரம் நீளும் இயல்புடையது. இதனை ஆராய்ந்து 1914 இல் வெளியிட்டவர் கொலின்ஸ் எனும் தாவரவியலறிஞர்.

அவர்கள் பெரிதும் போற்றும் இனம் நீலச் சோளம். இதன் நீலநிறம் மணியின் தோலுக்குக் கீழேயுள்ள மெல்லிய படையில் இருக்கின்றது. உள்ளே வெண்மையான, மென்மையான மாப்பொருளே உண்டு. ஆதலின் கல்லில் எளிதாக அரைபடும்.

இம்மாவினால் அவர்கள் செய்யும் சிறந்த பண்டம் பிக்கி எனப்படும். மிக நுண்ணிதாக அரைத்த மாவைக் கொதிநீரிற் கரைத்து, அதனுடன் உவர்நிலச் செடியொன்றை எரித்துப் பெற்ற சாம்பலின் நீரைச் சேர்ப்பர். சாம்பல் நீர் பட்டதும் சாம்பல்நிறமாயிருந்த மாக்கரைசல் நீலப்பச்சையாக மாறும். கீழே தீ எரியும் வழவழப்பான கற்பலகையில் எண்ணெய் விதைகளைத் தேய்த்துவிட்டு, வெறுங்கையினால் கரைசலைத் தொட்டு ஒரே வீச்சில் பூசுவர். கணநேரத்தில் அது காய்ந்து, எமது அப்பத்தின் மொறுமொறுப்பான ஓரத்தைப் போன்ற ஏடாகப் பெயரும். அதனைச் சுருட்டி வைப்பர். அந்தக் கல் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் சொத்தாகும். அயலிலுள்ள நவஹோ மக்களும் சோளக் கஞ்சியில் ஜூனிப்பர் மரத்தின் சாம்பலைச் சேர்க்கின்றனர்; அதனால் உணவிற் கல்சியம் கூடுகின்றது.

சாம்பல் நிறத்துக்காக மட்டும் சேர்வதன்று. மெக்சிக்கோ நாட்டவர் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்தே அரைக்கின்றனர். சோளத்திலுள்ள நயசின் எனும் உயிர்ச்சத்து எமது குடல் உறிஞ்சமுடியாதபடி கட்டுண்டு கிடக்கின்றது. சுண்ணாம்பு போன்ற காரத்தில் அவித்தாலன்றி அது எளிதில் விடுபடாது. சோளம் கடல் கடந்து ஐரோப்பாவுக்குச் சென்றபோது விதை சென்றது. இந்தச் சுண்ணாம்புப் பக்குவம் செல்லவில்லை. வேறெதுவும் வாங்க வழியின்றிச் சோள மாவையே உண்ட ஏழைக் கமக்காரர்களுக்குத் தோல் வெடித்து, வயிறு கழிந்து, சித்தம் கலங்கும் பெலக்ரா எனும் நோய் கண்டது. ஸ்பானியாவில் கசால் எனும் வைத்தியர் 1735 இல் இதனைக் கண்டு விவரித்தார். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லாயிரவர் மாண்டனர். இது தொற்றுநோயன்று, உணவுக் குறையே என 1914 முதல் ஆராய்ந்து காட்டியவர் கோல்ட்பேகர். குறைந்த சத்து நயசினே என்பது 1937 இல் எல்வேஜெமின் ஆய்வினால் தெளிவாயிற்று. பருப்பும் மீனும் முட்டையும் சேர்த்துண்பவருக்கு இவ்வச்சம் வேண்டியதில்லை. ஆயினும் பக்குவத்தை அறிந்திருத்தல் நன்று. வெள்ளைச் சோளத்துக்கும் மஞ்சட் சோளத்துக்கும் அது பொருந்தும்.

ஒரு கிலோகிராம் முற்றிய மணிக்கு மூன்று லீற்றர் நீரும் 10 கிராம் சுண்ணாம்பும் போதும். உண்ணத்தக்க தூய நீற்றிய சுண்ணாம்பாக இருக்கவேண்டும். நீறாத கற்சுண்ணாம்பைத் தொடவே வேண்டாம். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரிக்கும். மண்சட்டியோ எவர்சில்வரோ நன்று. முக்கால் மணிநேரம் மெல்ல அவித்து, இரவு முழுவதும் ஊறவிட்டுக் காலையில் இரண்டு மூன்று முறை கழுவுக. தோல் வழுக்கிக் கழன்றுவிடும். ஈரமாகவே அரைத்து ரொட்டி தட்டலாம். இரண்டாம் முறை ரொட்டி தட்டும்போது கை பழகிவிடும்.

நீலச் சோள மாவை வெதுப்புவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். இதிற் கோதுமைக்குரிய பசை இல்லை. தனித்து வெதுப்பினால் உதிரும். ஒரு கோப்பைச் சோள மாவுக்கு ஒரு கோப்பைக் கோதுமை மா, ஒரு கோப்பைப் பால், இரண்டு முட்டை, சிறிது நெய், மூன்று தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்பது நல்ல அளவு. மாவைப் பாலில் பத்து நிமிடம் ஊறவிட்டாற் பல்லிற் கரகரக்காது. மோர் சேர்த்தால் நீலம் ஊதாச் சிவப்பாகும். அப்பச்சோடா கூடினாற் பச்சையோடும். அந்நிறத்தைக் கண்டு பழுதென எறியவேண்டாம். சுவை கெடச் சோடாவைக் கூட்டவும் வேண்டாம்.

நிற இனத்தை வித்துக்கெனச் செய்வோர் வேறு சோளத்திலிருந்து 200 மீற்றராவது விலக்கி நடுக. நீலச் சோளத்தின் மகரந்தம் காற்றில் வந்து விழுந்தால், அவ்வாண்டுக் கதிரிலேயே மஞ்சள் மணிகளிடையே நீலமணிகள் தோன்றும்.

முளையோடு அரைத்த மாவில் எண்ணெய் உண்டு, நாட்படக் காறும். ஆதலின் மணியை நன்கு உலர்த்திச் சேமித்து, ஓரிரு கிழமைக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்க. பூஞ்சணம் பிடித்த மணியைக் கழுவிக் காயவைத்தாலும் நஞ்சு நீங்காது. அதனைக் கோழிக்கும் இடாதீர்கள்.