காட்டுவதற்கு முன் எழுதுவோம்

(ஏற்காட்டில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறிவியல் கண்காட்சி நெருங்குகிறது. சேர்வராயன் மலைப் பிள்ளைகளின் மாதிரிகள் அவர்கள் வீட்டு வேலையிலிருந்தே பிறக்கின்றன. சில்வர் ஓக் மரத்தில் உயரப் படர்ந்த மிளகைப் பறிக்க அப்பா மூங்கில் ஏணியில் ஏறுவதைப் பார்க்கும் பிள்ளை, தரையில் நின்றே பறிக்க ஒரு கருவி செய்கிறது. காப்பிக்கொட்டை மழையில் நனைவதைப் பார்க்கும் பிள்ளை உலர்த்தும் பெட்டி செய்கிறது. இவற்றில் ஒன்று உண்மையிலேயே புதியதாக இருந்தால் நாம் என்ன செய்ய வேண்டும்?

காப்புரிமை என்பது ஓர் ஒப்பந்தம். கண்டுபிடித்தவர் தம் கருவி இயங்கும் விதத்தை முழுமையாக எழுதித் தருகிறார். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, அவர் அனுமதியின்றிப் பிறர் அதைச் செய்யவோ விற்கவோ முடியாதபடி அரசு உரிமை அளிக்கிறது. கருவி புதியதாக இருக்க வேண்டும். துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாததாகவும் தொழிலுக்குப் பயன்படுவதாகவும் இருக்க வேண்டும். விண்கலத்தின் உறுப்புக்கும் மிளகு பறிக்கும் கருவிக்கும் இதே அளவுகோல்தான். நம் 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி வேளாண் முறைக்குக் காப்புரிமை இல்லை; வேளாண் கருவிக்குக் கிடைக்கலாம்.

எழுத்தின் வலிமைக்கு இரண்டு சான்றுகள் சொல்கிறேன். ஜகதீஷ் சந்திர போஸ், மின்காந்த அலைகளை உணர ஈயத் தாதுப் படிகத்தைப் பயன்படுத்தினார். காப்புரிமையில் அவருக்கு நாட்டமில்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் 1901இல் விண்ணப்பித்தார்; 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அவர் அதை வைத்துப் பணம் ஈட்டவில்லை. ஆனாலும் அந்த உணர்கருவி அவருடையது என்பதற்கு அந்தப் பதிவு இன்றும் சான்று.

மற்றொன்று மஞ்சள். காயத்துக்கு மஞ்சள் வைப்பது நம் பாட்டிமார் அனைவரும் அறிந்தது. அதற்கே 1995இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 'எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்' என்பது அங்கே போதவில்லை. அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வுக் குழுமம் பழைய நூல்களையும், 1953இல் இந்திய மருத்துவ இதழில் வந்த கட்டுரையையும் எடுத்துக்காட்டியது. 1997இல் காப்புரிமை ரத்தானது.

ஆகவே வகுப்பறையில் நாம் செய்யக்கூடியவை நான்கு.

முதலாவது, ஒரு நோட்டு. படம், அளவு, முயன்றது, தோற்றது எல்லாம் தேதியுடன் இருக்கட்டும். பக்கந்தோறும் ஆசிரியர் கையொப்பமிடட்டும். நோட்டு மட்டும் உரிமை தராது. முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை. ஆனால் விண்ணப்பம் எழுத அதுதான் அடிப்படை.

இரண்டாவது, தேடல். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். ஏற்கெனவே இருப்பது தெரிந்தால், அதைவிட மேலாகச் செய்யப் பிள்ளையைத் தூண்டலாம்.

மூன்றாவது, வரிசை. இதைத்தான் நாம் கவனிப்பதில்லை. விண்ணப்பிக்கும் முன் பொதுவில் காட்டினால் புதுமை போய்விடும். மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகளுக்கு மட்டுமே 12 மாத விலக்கு உண்டு. நம் பள்ளிக் கண்காட்சி அதில் சேராது. எனவே முதலில் தற்காலிக விண்ணப்பம். 12 மாதங்களுக்குள் முழு விவரம். தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய். ஆய்வுக்குத் தனிக் கட்டணம் உண்டு. நமக்குரிய அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

நான்காவது, பெயர். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் பிள்ளையின் பெயர்தான் வர வேண்டும். வழிகாட்டியவர் என்ற இடம் நமக்குப் போதும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் இதில் சேரலாம். வீட்டுப் பெரியவர்கள் எந்த இலையை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டு வரட்டும். சொன்னவரின் சம்மதம் பெற்று, அவர் பெயருடன் எழுதி வைப்போம்.

எல்லா மாதிரிக்கும் காப்புரிமை கிடைத்துவிடாது. பெரும்பாலானவற்றுக்குக் கிடைக்காது. ஆனால் தகுதியான ஒன்று, நமக்கு விவரம் தெரியாத காரணத்தால் ஒரு பிள்ளையின் கையைவிட்டுப் போகக்கூடாது. இந்த ஆண்டுக் கண்காட்சிப் பட்டியலை அனுப்பும் முன், ஒவ்வொரு மாதிரியையும் ஒருமுறை இந்தக் கண்ணோடு பார்த்துவிடுங்கள்.