பெயர்களைக் காத்த குதிரைவீரன்

தோழர்களே! வென்ற தளபதியின் பெயரை வரலாறு வாயாரச் சொல்லும். குழியிலே வீழ்ந்த சிப்பாயின் பெயரைச் சொல்வார் யார்? சொன்னான் ஒருவன், கேளுங்கள்!

அமெரிக்க உள்நாட்டுப் போர். 1861-இல், 16 வயதில், வடபுலத்தார் பக்கம் நியூயார்க் குதிரைப்படையிலே சேர்ந்தான் டோரன்ஸ் அட்வாட்டர். 1863-இல் பகைவரிடம் சிறைப்பட்டான். அடுத்த ஆண்டு, ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் முகாம். ஒதுங்கக் கூரையில்லை, பருக நன்னீரில்லை. 14 மாதங்களில் அங்கே அடைபட்டோர் ஏறத்தாழ 45,000; மாண்டோர் ஏறத்தாழ 13,000!

மாண்டவர் பெயரை ஏட்டிலே எழுதும் வேலை அட்வாட்டருக்கு. பகைவனுக்கு ஒரு படி எழுதிய கை, எவரும் அறியாமல் இன்னொரு படியும் எழுதிற்று. அதை மறைத்து வெளிக்கொணர்ந்தான்.

1865-இல் கிளாரா பார்ட்டன் அம்மையாருடன் அங்கே மீண்டும் சென்றான். எண் மட்டுமே இருந்த புதைகுழிகள் பெயர் பெற்றன. பெயரறியாது நின்றவை ஏறத்தாழ 460 மட்டுமே!

பரிசென்ன தெரியுமா? அரசிடம் தந்த பட்டியல் அச்சேறவில்லை, திரும்ப எடுத்துக்கொண்டான். திருட்டு என்றது அவனுடைய இராணுவமே! 18 மாதச் சிறை, 300 டாலர் அபராதம். சில மாதங்களில் விடுதலை பெற்றான். 1866-இல் பட்டியலை வெளியிட்டான். மகனைத் தேடிய தாய்க்கு மண்ணின் இடம் தெரிந்தது.

தோழர்களே! உம் ஊரில் கொடிக்கம்பம் நட்டுப் பெயரின்றி மறைந்தவர் இல்லையா? இன்றே ஏடு எடுங்கள். எழுதுங்கள் அவர் பெயரை!