வருமுன் காப்பது

'வெள்ளம் வருமுன் அணை போடு' என்பார்கள். விருதுநகர், சிவகாசிக் கந்தக பூமியில் அந்த அணை ஒரு செம்புத் தகடு. பட்டாசு ஆலையின் வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் தொழிலாளி அதைத் தொட வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் தரைக்குள் இறங்கிவிடும். உடுத்துவது பருத்தித் துணிதான். நைலான், பாலியஸ்டர் கூடாது. மருந்து அடைக்கும் அறையில் 4 பேருக்கு மேல் ஆகாது. கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உயிர் தப்ப ஓடுகிறவருக்குக் கதவே தடையாகக் கூடாதல்லவா? அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். அதனால் கலந்ததை மறுநாளுக்கு மிச்சம் வைக்கவே கூடாது.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் தீப்பிடித்தது. 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே அல்ல. புகையைக் கண்டு பார்க்கவும் உதவவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. உதவப் போன மனம் பெரிது. ஆனால் அடுத்த அறையில் இருப்பதும் மருந்துதான்.

பட்டாசு ஆலையில் புகை தெரிந்தால் தயவுசெய்து கிட்டே போகாதீர்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விலகிப் போங்கள். தள்ளி நின்று 101-க்குத் தகவல் சொல்லுங்கள்.