நடைவண்டி போதும்



எழுத வருகிற நம்ம பிள்ளைகள் முதலில் தேடுவது, எப்படி எழுதுவது என்று பேசுகிற பத்திரிகைகளைத்தான். தேடட்டும், தப்பில்லை. 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ 1970 வரை வந்தது. விமர்சனத்துக்கென்று வந்த அந்த ஏடு புதுக்கவிதைக்கும் இடம் கொடுத்தது. உருவம், உத்தி, படிமம் என்று பேசப் பழக்கியது. அந்தக் கடனை மறுக்க வேண்டியதில்லை.

ஆனா ஒரு கேள்வி. எது நடை, எது கொச்சை என்று வரம்பு கட்டியது யாரு? அந்த வரம்புக்குள்ளே சேரிப் பேச்சுக்கு உரையாடலில் மட்டும்தான் இடம். கதை சொல்கிற குரல் எப்பவும் படித்தவன் குரல். 1992இல் பாமாவின் ‘கருக்கு’ அதை உடைத்தது. சொல்கிறவரே நம்ம பேச்சில் சொன்னார். கொச்சை என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. இந்தத் துணிச்சலை எந்த உத்திக் கட்டுரையும் கற்றுத்தராது.

உத்தி பேசும் ஏடு நடைவண்டி மாதிரி. நடக்கப் பழகினதும் ஒதுக்கி வைக்கணும். திட்ட வேண்டாம், சுமக்கவும் வேண்டாம்.

அடுத்த கதையைப் பத்திரிகைக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நம்ம தெருவில் வாசித்துக் காட்டுங்க. களையெடுத்துட்டு வந்து உட்கார்ந்த அம்மா, “நாங்க எங்கடா இப்படிப் பேசுறோம்?”னு கேட்டா, அந்த இடத்தைத் திருத்துங்க. நமக்கு விமர்சகர் அவங்கதான்.