அயல்நாட்டு இயந்திரமும் நம் ஊர் மின்சாரமும்
(ஊராட்சி உறுப்பினர், உழவர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நம் ஒன்றியத்து உழவர் குழு ஒன்று உறுப்பினர்களின் சேமிப்பைத் திரட்டி, ஜப்பானில் செய்யப்பட்ட பழைய அரிசி தீட்டும் இயந்திரம் ஒன்றை வாங்கியது. சுவிட்சைப் போட்ட சிறிது நேரத்தில் மோட்டாரின் சுருள் கருகிற்று. இயந்திரத்தில் பழுது ஏதுமில்லை. வாங்குமுன் யோசனை கேட்க வந்தவர்களிடம், அலுவலகத்தாராகிய நாமும் விலையை விசாரித்தோமேயன்றி, மோட்டாரின் தகட்டில் எழுதியிருந்ததைக் கேட்கவில்லை. அக்குறையை ஒப்புக்கொண்டே இன்று பேசுகின்றோம்.

மின்சாரத்தில் இரண்டு அளவுகளை நாம் கவனித்தல் வேண்டும். முதலாவது அழுத்தம். நமது மும்முனை மின்சாரம் 415 வோல்ட். ஜப்பானியத் தொழிற்கூடங்களிலோ பெரும்பாலும் 200 வோல்ட். இருமடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தை அம்மோட்டார் எவ்வாறு தாங்கும்?

இரண்டாவது அதிர்வெண். நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. ஜப்பானில் இரண்டும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ நகர் ஜெர்மானிய மின்னாக்கிகளையும், ஒசாகா நகர் அமெரிக்க மின்னாக்கிகளையும் வாங்கியமையால், அந்நாட்டின் கிழக்கே 50 ஹெர்ட்ஸும் மேற்கே 60 ஹெர்ட்ஸும் இன்றளவும் நிலைத்துள்ளன.

டிரான்ஸ்பார்மர் அழுத்தத்தை மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. 60 ஹெர்ட்ஸில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,800 சுற்றுச் சுற்றும் மோட்டார், 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 1,500 சுற்றே சுற்றும். அழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைக்காவிடில் மோட்டார் மிகுதியாகச் சூடேறும். பம்பாயின், நீரின் அளவு ஆறில் ஐந்து பங்காகவும், நீரை ஏற்றும் உயரம் ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்காகவும் குறையும். ஆழமான கிணற்றில் நீர் மேலே வாராமலும் போகலாம்.

நம் குழுவினர் வாங்கியது 60 ஹெர்ட்ஸ் இயந்திரம். கருகிய மோட்டாரை நீக்கி, அதே குதிரைத்திறனுள்ள நம் நாட்டு 415 வோல்ட் மோட்டாரைப் பொருத்தினர். இயந்திரம் ஓடிற்று, ஆயினும் வேகம் போதாமல் அரிசி சரியாகத் தீட்டப்படவில்லை. பின்னர் மோட்டாரின் 5 அங்குலப் புல்லியை மாற்றி, 6 அங்குலப் புல்லியும் அதற்கேற்ற பெல்ட்டும் போட்டனர். குறைந்த வேகம் மீண்டது. மோட்டார் இயந்திரத்தோடு ஒன்றாய் அமைந்து, பிரிக்க இயலாததாயின், அழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் சேர்த்து மாற்றும் வி.எப்.டி. என்னும் கருவி தேவைப்படும். அதன் விலையையும் முன்னரே கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

ஆகவே, அயல்நாட்டு இயந்திரம் எதனை வாங்குவதாயினும், அதன் தகட்டிலுள்ள வோல்ட், ஹெர்ட்ஸ், முனை, குதிரைத்திறன் ஆகிய நான்கையும் எழுதி வாங்குங்கள். அதனை மின்வாரியப் பொறியாளரிடமோ தேர்ந்த மின்பணியாளரிடமோ காட்டி, மாற்றுவதற்காகும் செலவைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்த பின்னரே முன்பணம் கொடுங்கள். அத்தகட்டைப் படித்தறிய உதவுதல் இனி எமது அலுவலகத்தின் கடமையாகும். தயங்காது வாருங்கள்.