வளர்க்கும் கைக்குக் கூலி உண்டா?

(திருவாலங்காட்டில் தாய்மார்களிடையே நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



காரைக்கால் அம்மையார் பாடிய ஊர் இது. பிள்ளை பெறாமலே ‘அம்மை’ என்று பெயர் பெற்றவர் அவர். பெறாத பிள்ளையை வளர்க்கும் தாய்மார்கள் நம் கிராமங்களில் இன்றும் உண்டு. சட்டம் அவர்களை என்னவென்று அழைக்கிறது? அவர்கள் தொழிலாளிகளா, சுயதொழில் செய்பவர்களா, தர்மம் செய்பவர்களா? அவர்கள் வரி கட்ட வேண்டுமா? இதைப் பற்றியே இன்று பேசப் போகிறோம்.

முதலில் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்வோம். தத்து வேறு, வளர்ப்புப் பராமரிப்பு வேறு. தத்தெடுத்த குழந்தை சட்டப்படி உங்கள் குழந்தை. வளர்ப்புப் பராமரிப்பிலோ, குழந்தைகள் நலக்குழு உத்தரவு போட்டு, குழந்தையை ஒரு குடும்பத்தின் பொறுப்பில் விடுகிறது. 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-வது பிரிவு இதைச் சொல்கிறது. குழந்தையின் படிப்பு, ஆரோக்கியம், போஷாக்கு எல்லாவற்றுக்கும் அந்தக் குடும்பமே பொறுப்பு. மாதந்தோறும் சோதனை உண்டு. மத்திய சர்க்காரின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டப்படி ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய்.

இந்தப் பணத்துக்கு வருமான வரி வருமோ என்று சில தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு குழந்தைக்கு வருஷத்துக்கு 48,000. இரண்டு குழந்தை என்றால் 96,000. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 4 லட்சம் ரூபாய் வரை வரியே கிடையாது. ஆகவே கூலி வேலைக்குப் போய்க்கொண்டு பிள்ளை வளர்க்கும் தாய் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வரியிலிருந்து அவள் தப்பிவிட்டாள் என்றும் எண்ண வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு வாங்கும் சோப்பிலும் துணியிலும் ஜி.எஸ்.டி. கட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

சரி, அவள் சுயதொழில்காரியா? காய்கறி விற்பவள் தன் விலையைத் தானே சொல்கிறாள். உடம்பு சரியில்லை என்றால் கடையை மூடுகிறாள். வளர்ப்புத் தாய்க்கு அது முடியுமா? உத்தரவு போடுவது குழு; தொகையைத் தீர்மானிப்பது சர்க்கார்; சோதிப்பது அதிகாரி. இராப்பகல் விழித்திருப்பது மட்டும் அவள்! கரும்புக்கும் சர்க்கார்தான் விலை வைக்கிறது. ஆனால் போதவில்லை என்று விவசாயிகள் சங்கமாகக் கூடிக் கேட்கிறார்கள். இவளுக்காகக் கேட்பவர் யார்?

பிரிட்டனில் நடப்பதைப் பாருங்கள். அங்கே வரி இலாகா வளர்ப்புப் பெற்றோரைச் சுயதொழில் செய்பவர் என்றே கணக்கிடுகிறது. ஆனால் பெரிய சலுகை உண்டு. 2023 ஏப்ரலில் ஒரு வீட்டுக்கு வருஷம் 18,140 பவுண்டு வரை வரி கிடையாது என்று உயர்த்தினார்கள். முன்பு அது 10,000. அதற்கு மேலும், 11 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வாரம் 375 பவுண்டும், மூத்த குழந்தைக்கு 450 பவுண்டும் கழித்தார்கள். குழந்தையின் செலவுக்கு ஒரு தொகை, வளர்ப்பவரின் உழைப்புக்குப் பல இடங்களில் தனியாக இன்னொரு தொகை என்று கொடுக்கிறார்கள். ஆயினும் அவர்கள் ‘தொழிலாளி’ அல்ல என்று சொல்லி, சங்கத்தைப் பதிவு செய்ய மறுத்தார்கள். வழக்காடினார்கள், 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சங்கம் சேரும் உரிமையை ஒப்புக்கொண்டது.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. அங்கன்வாடிப் பெண்கள் வாங்குவது சம்பளம் அல்ல, ‘மதிப்பூதியம்’ என்றே வெகுகாலம் சொல்லி வந்தார்கள். குஜராத் பெண்கள் வழக்காடினார்கள். பெயர் மதிப்பூதியமானாலும் அது ஊதியமே, பணிக்கொடை கொடுத்தாக வேண்டும் என்று 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பெயரை மாற்றி உரிமையைப் பறிக்க முடியாது என்பதே அதன் பாடம்.

“பாசத்துக்குக் கூலியா? பிள்ளை வளர்ப்பதை வியாபாரமாக்கலாமா?” என்று சிலர் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பரிவோடுதான் நோயாளியைக் கவனிக்கிறாள். அதற்காக அவளுக்குச் சம்பளம் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லையே! காசுக்காகப் பிள்ளையை வாங்கிப் பட்டினி போடுபவர்கள் வந்துவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. அதற்குச் சோதனை இருக்கிறது. இன்னும் கண்டிப்பாக நடக்கட்டும். தாயின் உழைப்பை இலவசமாக்குவது அதற்குப் பரிகாரம் ஆகாது.

அந்த 4,000 ரூபாய் குழந்தையின் பணம். அதில் தாயின் பங்கு ஒரு காசும் இல்லை. அப்படியிருக்க, அவளுடைய உழைப்புக்கு விலை என்ன? பூஜ்யம்! நம் கேள்வி இதுதான்.

இன்றே செய்ய வேண்டியவை சில உண்டு. வாய்ப்பேச்சை நம்பி யார் பிள்ளையையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய், குழுவின் எழுத்து மூலமான உத்தரவைக் கேளுங்கள். குழந்தைக்குச் செய்யும் செலவை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஆதரவற்ற குழந்தையைக் கண்டால் 1098-க்குப் போன் செய்யுங்கள். வயல் கூலியோ தையலோ செய்கிறவர்கள், 16 முதல் 59 வயதுக்குள் இருந்தால், இ-ஷ்ரம் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கோரிக்கைகள் மூன்று: குழந்தையின் தொகை விலைவாசிக்கு ஏற்ப உயர வேண்டும். வளர்ப்பவளுக்குத் தனி ஊதியமும் முதுமையில் பென்ஷனும் வேண்டும். தொகையை நிர்ணயிக்கும் இடத்தில் அவளுக்கும் ஒரு நாற்காலி வேண்டும்.

நாதியற்ற குழந்தை சமூகத்தின் குழந்தை. அதை வளர்ப்பவள் சமூகத்தின் வேலையைச் செய்கிறாள். அந்த வேலைக்குரிய கூலியைச் சமூகம் கொடுக்கத்தான் வேண்டும்!