பெயர்ப் பலகை தெளிவாக இருக்கட்டும்



பேருந்து நிலையத்தில் எந்தப் பேருந்திலும் ஊர்ப் பெயர் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன ஆகும்? படிக்கத் தெரிந்தவரும் நாலு பேரிடம் கேட்டுத்தான் ஏற வேண்டும்.

இணையதளத்துக்கும் பெயர்ப் பலகை உண்டு. அதற்கு மெனு என்று பெயர். 'பொருள்கள்', 'விலை', 'தொலைபேசி' என்று அதில் எழுதியிருக்கும். வேண்டியதைத் தொட்டால் அந்தப் பக்கம் திறக்கும்.

இன்று நாடெங்கும் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அப்பளம், ஊறுகாய் செய்து விற்கின்றன. ஒரு குழு சொந்தமாக இணையதளம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தைத்து வைத்த சட்டை போல, செய்து வைத்த மெனுக்கள் கிடைக்கின்றன. சில இலவசம். சிலவற்றுக்கு விலை உண்டு. நிறம், எழுத்து, சொற்களை நம் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். எதை எடுப்பது? பணம் கொடுக்கும் முன் ஐந்தைக் கவனியுங்கள்.

ஒன்று, செல்போனில் திறந்து பாருங்கள். சில மெனுக்கள் மவுஸின் அம்பு மேலே வந்தால்தான் விரியும். செல்போனில் அம்பு ஏது? விரல் பட்டாலே திறக்க வேண்டும். சொற்கள் நெருங்கி இருக்கக் கூடாது. நெருங்கி இருந்தால் ஒன்றைத் தொட வேறொன்று திறக்கும்.

இரண்டு, மூன்று கோடு. பல தளங்களில் மூலையில் மூன்று கோடு மட்டுமே இருக்கும். 1981இல் வந்த செராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் என்பவர் வரைந்த குறி அது. பழகியவருக்கு அது மெனு. புதியவருக்கு வெறும் கோடு. அதன் பக்கத்தில் 'மெனு' என்ற சொல்லும் இருக்கட்டும்.

மூன்று, மொழி. நம் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன. ஒவ்வொரு மொழியின் பெயரும் அந்த மொழி எழுத்திலேயே இருக்க வேண்டும். ஒடியா மட்டும் படிப்பவர், ஆங்கில எழுத்தில் உள்ள 'ஒடியா'வை எப்படிக் கண்டுபிடிப்பார்?

நான்கு, பார்வையற்றோர். இவர்கள் மவுஸ் இல்லாமல் விசைப்பலகையால் கணினியை இயக்குவார்கள். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்ல என்விடிஏ போன்ற இலவச மென்பொருள் உண்டு. மெனு அதற்கு ஒத்துவர வேண்டும். மத்திய அரசு தன் இணையதளங்களுக்காக 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளும் இதை வலியுறுத்தின. இணைய வசதியை அடைவது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இது சலுகை அல்ல, உரிமை.

ஐந்து, புதிய பொருளின் பெயரைக் குழுவினரே மெனுவில் சேர்க்க முடிய வேண்டும். ஒரு சொல்லை மாற்ற ஒவ்வொரு முறையும் கூலி கொடுத்தால் லாபம் கரைந்துவிடும்.

கடைசியாக ஒரு சோதனை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு சகோதரியிடம் செல்போனைக் கொடுங்கள். "ஊறுகாய் விலை என்ன, பாருங்கள் அக்கா" என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு பேசாமல் நில்லுங்கள். யாரையும் கேட்காமல் அவர் கண்டுபிடித்தால் அந்த மெனுவை வாங்கலாம்.

அவர் தடுமாறினால்? குறை அவரிடம் இல்லை, மெனுவில்தான் இருக்கிறது. மாற்ற வேண்டியது மெனுவைத்தான்.